பன்றிக் காவலுக்கு ஒரு ரிப்பீட்டர்

கிழங்கு தோண்ட இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. கந்தப்பளைக்கு மேலே, காட்டோரமாக எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மரக்கறிக் காணி. லீக்ஸ், கரட், உருளைக்கிழங்கு என்று மாற்றி மாற்றிப் போடுவோம். அன்று விடியற்காலை போய்ப் பார்த்தால் ஒன்பது பாத்திக் கிழங்கு இல்லை. காட்டுப்பன்றி மண்ணை ஏர் பிடித்து உழுதது போலப் புரட்டிப் போட்டிருந்தது. தின்றதைவிட மிதித்து நசுக்கியதுதான் அதிகம்.

மறுநாள் இரவு மாமா தன் ஒற்றைக்குழல் துவக்கோடு காவலுக்கு வந்தார். அவருக்குப் பயிர்க்காவலுக்கான லைசன்ஸ் இருபது வருசத்துக்கு மேலாக இருக்கிறது. இரண்டு மணி இருக்கும், ஒரு பெரிய ஆண் பன்றி பாத்திக்குள் இறங்கியது. மாமா சுட்டார். பட்டது, ஆனால் விழவில்லை. துவக்கை மடித்துத் திறந்து பழைய தோட்டாவை எடுக்கப் பார்த்தார். அது உப்பிப்போய், குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறைக்குள் இறுகியிருந்தது. குளிரில் அவருக்கு விரல் மரத்துப் போயிருந்தது. நகத்தால் நெம்பி எடுத்து அடுத்ததைப் போடுவதற்குள் பன்றி வேலியைப் பிய்த்துக்கொண்டு கீழே தேயிலை மலைக்குள் போய்விட்டது.

அந்த மலையில்தான் மறுநாள் கொழுந்து எடுக்க இருந்தார்கள். காயம்பட்ட பன்றி தேயிலைச் செடிக்கு அடியில் படுத்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. கூடையோடு நிரை பிடித்து வருகிற பெண்ணின் காலடியில்தான் அது எழும்பும். மாமாவும் நானும் பிரட்டுக்கு, அதாவது காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கிற கூட்டத்துக்கு, முன்பே போய்க் கங்காணியிடம் சொல்லி ஆட்களை வேறு மலைக்குத் திருப்பினோம். பிறகு இரத்தச் சொட்டைப் பார்த்துப் பார்த்து நடந்தோம். பகல் பதினொரு மணிக்கு ஒரு கானுக்குள், தண்ணீர் வடிய வெட்டிய வாய்க்காலுக்குள், அதைக் கண்டோம். உயிரோடிருந்தது. மாமா மறு தோட்டாவால் முடிக்கும்வரை அது எங்கள் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்பது மணிநேரம் அந்த வலியோடு கிடந்திருக்கிறது. எனக்கென்று ஒரு துவக்கு வேண்டும், அதில் இரண்டாவது வெடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன்.

துவக்கே வேண்டாம், கம்பி கட்டிவிடு, செலவு மிச்சம் என்று சொன்னவர்கள் உண்டு. கம்பிக் கண்ணியை நான் தொடமாட்டேன். பன்றிக்குக் கட்டிய சுருக்கில் சிறுத்தை மாட்டிக்கொள்வது எங்கள் மலைநாட்டில் தொடர்ந்து நடக்கிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை அப்படித்தான் மாட்டியது. மீட்டுக் கொண்டுபோயும் சில நாட்களில் இறந்துவிட்டது. இலங்கையில் கருஞ்சிறுத்தையைக் காண்பதே அபூர்வம். தடக்கினால் தானாக வெடிக்கிற கட்டுத்துவக்கும், தீனிக்குள் வைத்துக் கடித்ததும் வெடிக்கிற ஹக்கபட்டாசும் அதைவிட மோசம். மனிதனா மாடா என்று பார்க்க அவற்றுக்குக் கண் இல்லை. துவக்கைப் பிடித்திருக்கிறவனுக்காவது சுடாமல் விட வழி இருக்கிறது.

துவக்கு என்றதும் 'வேட்டை' என்ற சொல் வந்துவிடும், அதைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். மேஜர் ரொஜர்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டார் என்று சொல்லப்படும் வெள்ளைக்காரர் காலம் ஒன்று இருந்தது. 1845இல் ஹப்புத்தளையில் அவர் இடி விழுந்து செத்துப்போனார். கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. அந்தக் காலம் போய்விட்டது. 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பிந்திய திருத்தங்களும் வந்த பிறகு மரை, கேளையாடு, சிறுத்தை எதையும் தொட முடியாது, தொடவும் கூடாது. எங்களுக்கு மிஞ்சியிருப்பது பயிரை அழிக்கிற காட்டுப்பன்றி மட்டும். ஆகவே துவக்குத் தேர்வு என்று நான் பேசுவது எல்லாமே இந்த ஒரு மிருகத்தையும் இந்தச் சரிவான மண்ணையும் மனதில் வைத்துத்தான்.

லைசன்ஸ் கதையை நீட்டவில்லை. கிராம சேவகர், பொலிஸ், பிரதேச செயலகம், கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகம் என்று ஒரு வருசத்துக்கு மேல் நடந்தேன். ஓர் அலுவலகத்தில் என் கோப்பே காணாமல் போய் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. எல்லாக் கடிதத்துக்கும் பிரதி வைத்திருந்ததால் தப்பினேன். நீங்களும் வையுங்கள். இன்னொன்று, எந்த வகைத் துவக்குக்கு அனுமதி என்பது கையில் எழுத்தாக வரும்வரை கடைப் பக்கம் போகாதீர்கள். எங்கள் பக்கத்தில் பயிர்க்காவலுக்குக் கேட்டவர்கள் பெரும்பாலும் ஒற்றைக்குழலோ இரட்டைக்குழலோதான் வைத்திருக்கிறார்கள். எனக்கு ரிப்பீட்டருக்கு, அதாவது பல தோட்டாவை உள்ளே வைத்துக்கொண்டு குழலுக்குக் கீழுள்ள முன்பிடியை இழுத்துத் தள்ளி ஒவ்வொன்றாகச் சுடுகிற பம்ப் துவக்குக்கு, அனுமதி கிடைத்தது, ஆனால் ஏன் அது வேண்டும் என்று இரண்டு இடத்தில் விளக்கம் கேட்டார்கள். மேலே சொன்ன அந்த இரவைத்தான் இரண்டு இடத்திலும் சொன்னேன்.

இரண்டாவது வெடிதானே வேண்டும், இரட்டைக்குழல் போதாதா? மாமாவே இதைக் கேட்டார். நியாயமான கேள்வி. இரட்டைக்குழலை மடித்துத் திறந்தால் உள்ளே தோட்டா இருக்கிறதா இல்லையா என்று தூரத்தில் நிற்பவருக்கும் தெரியும். கான் தாண்டும்போது, வேலி ஏறும்போது அது பெரிய நிம்மதி. ரிப்பீட்டரில் அப்படித் தெரியாது. சுட்டுவிட்டு முன்பிடியை இழுத்துத் தள்ளியதும் அடுத்த தோட்டா அறைக்குள் உயிரோடு வந்து உட்கார்ந்துவிடும். அதை மறந்தவன் கையில் அது ஆபத்து. இருந்தாலும் எனக்குக் கிடைத்த இரட்டைக்குழல்கள் எல்லாமே பழையவை, குழல் ஆடுகிறவை. புதியது என் விலைக்கு எட்டவில்லை. பம்ப் வகையின் பொறி எளிமையானது. கையால் இழுத்தால் பழையது வெளியே வரும், தள்ளினால் புதியது உள்ளே போகும். தோட்டா பலவீனமாக இருந்தாலும் பொறி நிற்காது, ஏனென்றால் அதை ஓட்டுவது வாயுவோ உதையோ அல்ல, என் கை. ஜோன் பிரவுனிங் வடிவமைத்த 1897 வின்செஸ்டர் காலத்திலிருந்து இந்த முறை பெரிதாக மாறவில்லை.

கடையில் முதலில் நான் செய்த தவறு, பெயரைப் பார்த்ததுதான். ரெமிங்டன் 870 என்றால் 1950களிலிருந்து வருவது, உலகத்தில் ஒரு கோடிக்கு மேல் செய்திருக்கிறார்கள். அது நல்ல துவக்குத்தான், கையில் எடுத்தவுடன் எனக்குப் பிடித்தும் போனது. பொறி வெண்ணெய் போல ஓடியது. ஆனால் நான் பீச்சாங்கைக்காரன். அதன் சேப்டி, அதாவது தவறி வெடிக்காமல் தடுக்கிற பூட்டு, விசைக் காப்பு வளையத்தின் பின்பகுதியில் குறுக்கே தள்ளுகிற பொத்தான். வலக்கைக்காரருக்கு ஆட்காட்டி விரலால் தள்ளினால் போதும். எனக்கோ பிடியை மாற்றித் தேட வேண்டியிருந்தது. இருட்டில், கையுறையோடு, பன்றி முன்னால் நிற்கும்போது தேடுகிற சேப்டி எனக்கு உதவாது. கடைக்காரர் பிறகு மொஸ்பேர்க் 500 ஒன்றைக் கொடுத்தார். அதில் சேப்டி பொறிப்பெட்டியின் முதுகில், நடுவில் இருக்கிறது. எந்தக் கைக்கும் கட்டைவிரல் நேராக அங்கேதான் போகும். பொறி 870 அளவு வழவழப்பாக இல்லை, ஆட்டினால் முன்பிடி லேசாகக் கடகடக்கும். இருந்தாலும் என் மனம் அந்த இடத்திலேயே திரும்பிவிட்டது. இரண்டிலும் வெறுந்தோட்டா வலப்பக்கமாகத்தான் தெறிக்கும், அதாவது இடத்தோளில் வைத்துச் சுடுகிற என் கண்ணுக்கு முன்னால். முதலில் கூசியது, பழகிவிட்டது. அதுவும் வேண்டாம் என்றால் இத்தாக்கா 37 போலக் கீழ்ப்பக்கமாகத் தோட்டாவை வெளியேற்றுகிற வகைகள் இருக்கின்றன. நான் போன கடையில் அது இருக்கவில்லை.

மூன்றாவதாக ஒன்று, விலை பாதிதான். அதை வாங்கிவிடலாம் என்று ஆசை வந்தது. முன்பிடியைப் பின்னால் இழுத்து அப்படியே பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தேன். உள்ளே ஒரே ஒரு கம்பித்தண்டுதான் அதைத் தாங்கியது, இழுப்பு கோணலாகப் போய் நடுவில் சிக்கியது. 870இலும் மொஸ்பேர்க்கிலும் இரண்டு பக்கமும் தண்டு உண்டு. அதனால் எப்படிப் பிடித்து இழுத்தாலும் நேராக ஓடும். மலிவு விலைத் துவக்கு எல்லாமே கூடாது என்று சொல்ல வரவில்லை. கடையில் பத்துத் தரம் வேகமாகவும் பத்துத் தரம் மெதுவாகவும் இழுத்துப் பாருங்கள், ஒரு தரம் சிக்கினாலும் வைத்துவிடுங்கள்.

இதைவிட முக்கியம் அளவு. கடைகளில் வருகிற பம்ப் துவக்குகளின் தோள்கட்டை, விசையிலிருந்து பின்முனை வரை, கிட்டத்தட்ட 14 அங்குலம் இருக்கும். அது ஆறடி ஆளுக்கு அளவெடுத்தது. நான் ஐந்தடி நான்கு. சட்டையோடு கடையில் நின்று தோளில் வைத்தபோது சரியாகத்தான் இருந்தது. ஆனால் நான் சுடப்போவது ஜனவரிப் பனியில், ஸ்வெட்டருக்கு மேல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு. நல்ல வேளையாக ஜாக்கெட் பையில் இருந்தது. போட்டுக்கொண்டு மறுபடி தூக்கியபோது கட்டை அக்குளில் மாட்டியது, கன்னம் பின்னால் போய்விட்டது, குழல் முனையில் குறி பார்க்க உள்ள குறிமணி தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தோளுக்குத் தூக்கி, பிறகு கண்ணைத் திறந்து பாருங்கள். குழலின் மேல்விளிம்பு நேராகவும் குறிமணி நடுவிலும் தெரிந்தால் துவக்கு உங்களுடையது. தலையை ஆட்டித் தேட வேண்டியிருந்தால் அது வேறு ஒருவருடையது. எனக்குக் கட்டையின் பின் றப்பரைக் கழற்றி மெல்லியது போட்டு, மரத்தில் கொஞ்சம் குறைத்துத் தந்தார்கள். அந்தச் சிறிய வேலைதான் இந்தத் துவக்குக்காக நான் செய்த செலவுகளில் மிகப் பயன்பட்டது.

குழல் நீளத்தில் 28 அங்குலம்தான் நல்லது என்று அங்கு நின்ற ஒருவர் சொன்னார். பறக்கிற பறவைக்கு இருக்கலாம். காவல் குடிசையின் சின்ன ஜன்னலில், தேயிலைக்கும் கம்பி வேலிக்கும் நடுவில் நீளம் ஒரு தொல்லை. 18½ அங்குலக் குழலையும் பார்த்தேன். கைக்கு வசதிதான், ஆனால் அந்தத் துவக்கில் சோக், அதாவது தோட்டாவின் சன்னக் குண்டுகள் அதிகம் சிதறாதபடி குழல் வாயைச் சுருக்குகிற துண்டு, மாற்ற முடியாது. நான் எடுத்தது 26 அங்குலம், சோக் கழற்றி மாட்டுகிற வகை. எடை மூன்றரைக் கிலோவுக்குள். இதைவிட இலேசானதை நான் விரும்பவில்லை, ஏனென்றால் எடை குறையக் குறைய உதை கூடும்.

அறையின் நீளத்தைக் குழலில் வெட்டியிருப்பார்கள், வாசித்துப் பாருங்கள். 76 மில்லிமீற்றர் அறையில் 70 மில்லிமீற்றர் தோட்டாவைப் போடலாம். மாறிப் போடக்கூடாது. சின்ன அறைக்குள் பெரிய தோட்டா சில வேளை மறுக்காமல் உள்ளே போய்விடும், சுடும்போதுதான் அதன் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். மாமாவின் துவக்கை அன்று வாங்கிப் பார்த்தேன். பழைய ஆங்கிலேயத் துவக்கு, அறை 65 மில்லிமீற்றர். இத்தனை வருசமாக 70 தோட்டாதான் போட்டுச் சுட்டிருக்கிறார். அந்த இரவு தோட்டா இறுகியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். அதன் பிறகு அவர் அந்தத் துவக்கைச் சுடவில்லை.

வாங்கிய கையோடு காணிக்குப் போகவில்லை. அனுமதியுள்ள ஒரு சுடுதளத்தில் அரை நாள் கேட்டு வாங்கினேன். சோக் பற்றிப் புத்தகக் கணக்கு ஒன்று உண்டு. 40 யார் (கஜம்) தூரத்தில், 30 அங்குல வட்டத்துக்குள் மிக நெருக்கமான புல் சோக் 70 வீதச் சன்னத்தையும், நடுத்தரமான மொடிபைட் 60 வீதத்தையும், சுருக்கமே இல்லாத சிலிண்டர் 40 வீதத்தையும் போடும். இது சின்னச் சன்னத்துக்கான கணக்கு. பன்றிக்கு நாங்கள் போடும் எஸ்.ஜி. என்ற பெரிய சன்னத் தோட்டாவில் சன்னம் ஒவ்வொன்றும் எட்டு மில்லிமீற்றருக்கு மேல், தோட்டாவுக்கு ஒன்பதுதான் இருக்கும். ஒன்பதில் மூன்று விலகினாலே பெரிய வித்தியாசம். சீமெந்துப் பையைக் கிழித்து விரித்து அதில் பன்றியின் நெஞ்சளவுக்கு வட்டம் கீறி வைத்துச் சுட்டேன். புல் சோக்கில் நெருக்கமாக வரும் என்று எதிர்பார்த்தேன். மாறாக அதில்தான் சிதறியது. பெரிய சன்னம் நெருக்கமான வாயில் ஒன்றையொன்று இடித்து நசுங்குகிறது என்று அங்கிருந்த பயிற்சியாளர் விளக்கினார். மொடிபைட்டில் 25 மீற்றருக்கு எட்டு, ஒன்பது உள்ளே விழுந்தன. 35இல் ஐந்து, ஒரு தரம் நாலு. அன்றே எல்லையை முடிவு செய்துவிட்டேன், 25 மீற்றருக்கு அப்பால் எனக்குப் பன்றி இல்லை. காணியில் அந்தத் தூரத்துக்கு வெள்ளை பூசிய குச்சிகள் நட்டிருக்கிறேன்.

அதே சுடுதளத்தில்தான் ரிப்பீட்டரின் பெரிய குறையையும் பட்டறிந்தேன். முதல் வெடி சுட்டேன், முன்பிடியை இழுத்தேன், தள்ளினேன், விசையை அமுக்கினேன். சத்தமே இல்லை. பாதிதான் இழுத்திருக்கிறேன். வெறுந்தோட்டா முழுதாக வெளியேறவில்லை, புதியது ஏறவும் இல்லை. “மாத்தயா, பயந்து பயந்து இழுக்க வேண்டாம், உடைக்கப்போகிற மாதிரி இழுங்கள்” என்றார் பயிற்சியாளர். பம்ப் துவக்கில் மென்மையான கை கூடாது. அடியோடு பின்னால், அடியோடு முன்னால். அன்றிலிருந்து இரண்டு மாதம் தினமும் இரவில், உயிர்த்தோட்டாக்களை வேறு அறையில் பூட்டிவிட்டு, மருந்தில்லாத பயிற்சித் தோட்டாக்களை வைத்து ஐம்பது தரம் இழுத்தேன். பிள்ளைகள் தூங்கிய பிறகுதான், சுவரை நோக்கித்தான். “ஏங்க, இந்தச் சத்தத்துக்குப் பன்றியே தேவலை” என்று மனைவி சலித்துக்கொள்ளும் அளவுக்கு. இப்போது கண் மூடியிருந்தாலும் கை முழுதாகத்தான் இழுக்கும்.

நடக்கும்போது குழலுக்குக் கீழுள்ள தோட்டாக் குழாயில் தோட்டா, அறையில் இல்லை. ஈரத்தில் கான் வெட்டுகளைத் தாண்டுகிற மலையில் இதற்கு விலக்கே இல்லை. குடிசையில் உட்கார்ந்த பிறகு, இருட்டுவதற்கு முன்பே ஒன்றை அறைக்கு ஏற்றிச் சேப்டி போட்டுக்கொள்வேன். பன்றி வந்த பிறகு இழுத்தால் அந்தக் கடக் சத்தமே அதை விரட்டிவிடும். விடிந்து எழும்பும்போது முதலில் வெறுமையாக்கி, தோட்டாக்களை எண்ணி, அறைக்குள் சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார்ப்பேன். கண் பார்த்தால் போதாது, இரவு முழுக்க முழித்த கண் ஏமாற்றும்.

சுடுகிற திசையும் துவக்குத் தேர்வின் ஒரு பகுதிதான் என்பதைக் காவலுக்குப் போன மூன்றாவது இரவில்தான் விளங்கிக்கொண்டேன். தாயும் குட்டிகளுமாக ஆறேழு வந்தன, பதினைந்து மீற்றர்கூட இல்லை. குழலைத் திருப்பிப் பார்த்தால் பன்றிக்குப் பின்னால், கீழே தூரத்தில், தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்து விளக்கு. எஸ்.ஜி. சன்னம் நூற்றுக்கணக்கான மீற்றர் போகும். நான் சுடவில்லை. அவை ஒரு பாத்தியைத் தின்று முடித்துவிட்டுப் போயின. மறுநாளே குடிசையைப் பிரித்துக் காணியின் மேல்மூலைக்குக் கொண்டுபோய்ப் பரண் உயரத்தில் கட்டினேன். இப்போது எந்தப் பக்கம் சுட்டாலும் சன்னம் என் சொந்த மண்ணுக்குள்தான் இறங்கும். மேட்டு விளிம்பில், வானத்துக்கு எதிராக நிற்கிற பன்றிக்கு நான் ஒருபோதும் விசை தொடுவதில்லை. டோர்ச் அடித்து நாலு காலையும் மூஞ்சியையும் காணாமலும் தொடுவதில்லை.

பராமரிப்பில் எங்கள் மலைக்கென்று ஒரு விசயம் இருக்கிறது. கீழ்நாட்டில் பலர் துவக்குக்குத் தேங்காயெண்ணெய் போடுவார்கள், மாமாவும் அப்படித்தான். தேங்காயெண்ணெய் 24 பாகையளவில் உறையத் தொடங்கும். நுவரெலியாப் பக்கம் பகலிலேயே பல நாள் அந்தச் சூடு வருவதில்லை. போத்தலுக்குள் உறைகிறது துவக்குக்குள்ளும் உறையும். பம்ப் பொறியில் அது பசை போலப் பிடித்துக்கொண்டு பாதி இழுப்பில் நிறுத்திவிடும். துவக்கெண்ணெயை மெல்லியதாகப் போட்டுத் துடைத்துவிட வேண்டும். மூடுபனியில் ஓர் இரவு இருந்த துவக்கை நேரே துணி உறைக்குள் போட்டால் மூன்றாம் நாள் குழலில் செம்பொட்டு வரும். முதலில் திறந்தபடி காயவிட்டு, துடைத்து, பிறகுதான் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறேன். வாங்கும்போது பளபளப்பான நீலப்பூச்சை விட்டு மங்கல் பூச்சை எடுத்தது இதற்காகத்தான். அதுவும் துருப்பிடிக்கும், கொஞ்சம் தாமதமாக.

போன வருசம் கிழங்கு முற்றிய நேரம், ஓர் ஒற்றை ஆண் பன்றி வந்தது. மேல்மூலையிலிருந்து வெள்ளைக் குச்சிக்கு இந்தப் பக்கம், இருபது மீற்றர் இருக்கும். சுட்டேன், முட்டி மடங்கி எழும்பித் தேயிலைப் பக்கம் திரும்பியது. என் கை எனக்குத் தெரியாமலே இழுத்துத் தள்ளிவிட்டிருந்தது. இரண்டாவது வெடியில் வேலிக்கு நாலடி முன்னால் விழுந்தது, அசையவில்லை. குழாயில் மிச்சமிருந்த தோட்டாக்களை எடுத்து எண்ணினேன், அறையைத் தடவிப் பார்த்தேன். மாமா பக்கத்தில்தான் இருந்தார். பிளாஸ்க்கில் இருந்த தேத்தண்ணியை இரண்டு பேரும் குடித்துக்கொண்டிருந்தோம், விடிந்து பிரட்டு முடிந்து பெண்கள் கூடைகளோடு வேலிக்கு அந்தப் பக்கப் பாதையால் மலைக்கு ஏறிப் போனார்கள்.